தரவு மையங்களில் மின்னளவீடும் வெப்பக் கண்காணிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினி அறையின் வெப்பத்தை அளக்கும் வழக்கம் கணினியைக் காப்பதற்கெனத் தோன்றியது, மின்செலவைக் கணக்கிடுவதற்கன்று. 1946இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பொதுப்பார்வைக்கு வந்த எனியாக், ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டு, சுமார் 150 கிலோவாட் மின்திறனில் இயங்கியது. சூடு வரம்பு கடந்தால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் வெப்பக் கட்டுப்படுத்திகள் அதில் இடம்பெற்றிருந்தன. பின்வந்த பெருங்கணினிக் காலத்திலும் இந்நோக்கமே மேலோங்கியிருந்தது.

2004இல் ஆஷ்ரே என்னும் அமெரிக்கப் பொறியாளர் அமைப்பு தரவு மையங்களுக்கான வெப்ப வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன் சிறப்பு, வெப்பநிலையை எங்கே அளக்க வேண்டும் என்று வரையறுத்ததில் உள்ளது. அறையின் சராசரியை விடுத்து, சேவையகக் கணினிக்குள் காற்று நுழையும் இடத்தை அது அளவிடமாக்கியது. அன்று பரிந்துரைக்கப்பட்ட வரம்பு 20 முதல் 25 பாகை செல்சியசு. ஆற்றல் சேமிப்பைக் கருதி 2008இல் அது 18 முதல் 27 பாகையாக விரிக்கப்பட்டது.

இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில் அரசின் பார்வையும் இத்துறையின்மீது விழுந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007இல் நாடாளுமன்றத்திற்கு அளித்த அறிக்கை, 2006இல் அந்நாட்டுத் தரவு மையங்கள் சுமார் 6,100 கோடி அலகு மின்சாரத்தை, அதாவது நாட்டின் மொத்த நுகர்வில் 1.5 விழுக்காட்டை, பயன்படுத்தியதாக மதிப்பிட்டது. அதே ஆண்டில் கிரீன் கிரிட் கூட்டமைப்பு, பி.யு.இ. எனச் சுருக்கமாக வழங்கும் மின்பயன் விகிதத்தைப் பரப்பத் தொடங்கியது. மையத்தின் மொத்த மின்நுகர்வைக் கணினிக் கருவிகளின் நுகர்வால் வகுக்கக் கிடைப்பதே இவ்விகிதம். 1 என்பது எட்டவியலா இலக்கு.

எளிமையே இவ்விகிதத்தின் வலிமை; அதன் குறையும் அங்கேயே பிறக்கிறது. கற்பனையாக ஒரு மையத்தைக் கொள்வோம். கணினிகளுக்கு 1,000 கிலோவாட், குளிர்விப்பு முதலியவற்றுக்கு 600 கிலோவாட் எனில், விகிதம் 1.6. வேலையின்றி இயங்கும் கணினிகளை நிறுத்தி 200 கிலோவாட் மிச்சப்படுத்தும்போது, குளிர்விப்புச் செலவு 50 கிலோவாட் மட்டுமே குறைகிறது என்க. மொத்த நுகர்வு 1,600இலிருந்து 1,350 ஆகக் குறைந்தும், விகிதம் ஏறத்தாழ 1.69 ஆக உயர்ந்துவிடுகிறது. சிக்கனம் செய்தவர் பட்டியலில் பின்தங்குகிறார்! சேவையகத்தின் உள்விசிறிகளும் கணினிக் கருவியின் கணக்கிலேயே சேர்கின்றன. அறை வெப்பத்தை உயர்த்தினால் விசிறிகள் விரைந்து சுழன்று கூடுதல் மின்சாரம் உண்ணும். விகிதமோ அதனை முன்னேற்றமாகவே காட்டும். எனவே இதனைக் கட்டடத்தின் திறனுக்கான அளவாகக் கொள்ளலாமேயன்றி, கணிப்பணியின் திறனுக்கான அளவாகக் கொள்வது பொருந்தாது.

அளவிடும் புள்ளியும் வேறுபட்டது. தடையிலா மின்வழங்கியின் வெளியீட்டில் அளப்பவர், இடையில் இழக்கப்படும் மின்சாரத்தையும் கணினியின் பங்காக எழுதுகிறார். கணினியின் வாயிலிலேயே அளப்பவர்க்கு அச்சலுகை இல்லை. இக்குழப்பத்தைத் தீர்க்க 2011இல் நான்கு அளவீட்டு வகைகள் வரையறுக்கப்பட்டன. அவற்றுள் அடிநிலை வகை நீங்கலாக, ஏனையவை கணநேர மின்திறனை விடுத்து ஓராண்டு ஆற்றல் நுகர்வை அடிப்படையாகக் கொண்டன. 2016இல் இவ்விகிதம் ஐ.எஸ்.ஓ. தரநிலையாகவும் ஏற்கப்பட்டது. ஆகவே 2011க்கு முற்பட்ட விகிதங்களைப் பிற்கால விகிதங்களோடு ஒப்பிடும் ஆய்வாளர், அவை எந்தப் புள்ளியில், எவ்வளவு காலத்திற்கு அளக்கப்பட்டன என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும்.