சிஎஸ்வி கோப்பு வழி வலையமைப்புக் கருவிப் பதிவேற்றம்

ரவுட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால் போன்ற வலையமைப்புக் கருவிகளின் விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பிலிருந்து மேலாண்மை மென்பொருளுக்குள் மொத்தமாக ஏற்றும் முறை. சிஎஸ்வி எனப்படும் இக்கோப்பின் முதல் வரியில் பத்திகளின் தலைப்புகள் இருக்கும். அடுத்து வரும் ஒவ்வொரு வரியும் ஒரு கருவிக்குரியது. நெடுங்காலமாகப் புழங்கிவந்த இவ்வடிவத்தை 2005இல் ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் வரையறுத்துச் சொன்னது. அதுவும் தகவல் குறிப்பாகவே வெளியானது. கட்டாயத் தரமாக அல்ல. ஒரு பத்தியில் இருப்பது எண்ணா, எழுத்தா, தேதியா என்று சொல்ல இவ்வடிவத்தில் இடமில்லை. ஆகவே தரவைச் சோதிக்கும் பொறுப்பு முழுவதும் அதை வாங்கிக்கொள்ளும் மென்பொருளையே சேர்கிறது.

இப்பொறுப்பின் கனம் எக்செலில் கோப்பைத் திறந்து சேமிக்கும்போது தெரியும். இயல்பான அமைப்பில் அது 1/2 என்ற போர்ட் பெயரைத் தேதியாக்கிவிடும். 0047 என்று தொடங்கும் சீரியல் எண்ணின் முன்பூச்சியங்களை நீக்கிவிடும். பிரிகுறியின்றி எழுதிய 0012345678E9 என்ற மேக் முகவரியைப் பத்தின் அடுக்காகப் படித்துவிடும். இதே தேதிக் குழப்பத்தால் சில மனித மரபணுக்களின் பெயர்களே மாற்றப்பட்டன. அதற்கான நெறிமுறை 2020இல் வெளியானது. பெயரை மாற்ற உயிரியலாளர்களால் முடிந்தது. தயாரிப்பாளர் பொறித்த சீரியல் எண்ணை யாரும் மாற்ற முடியாது.

2016இல் திறமூலமாக வெளியான நெட்பாக்ஸ் என்ற வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் தரவைச் சோதிக்கக் கடுமையான வழியைக் கையாள்கிறது. வரியில் குறிப்பிடும் தளமும் கருவி மாதிரியும் முன்பே பதிவாகியிருக்க வேண்டும்; ஒரு வரி தவறினாலும் கோப்பு முழுவதும் நிராகரிக்கப்படும். ஒன்றுக்காக ஐந்நூறைத் தடுப்பதா என்று கேட்கலாம். பாதி ஏறிய கோப்பில் எது உள்ளே, எது வெளியே என்று தேடுவதைவிடப் பிழையைத் திருத்தி மீண்டும் ஏற்றுவது எளிது. ஆனால் இச்சோதனைக்கும் எல்லை உண்டு: பூச்சியம் இழந்த சீரியல் எண்ணும் செல்லுபடியாகும் எழுத்துத்தொடர்தான் என்பதால் அது தடையின்றி ஏறிவிடும். எஸ்என்எம்பி என்ற வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை வழியே கருவிகளைத் தானாகக் கண்டறியலாமே என்பது மற்றொரு வாதம். மின்னிணைப்பு பெறாமல் பெட்டியில் கிடக்கும் ஸ்விட்சை அது காணாது. எந்த ரேக்கில் எந்த இடம் ஒதுக்கப்பட்டது என்பதையும் அறியாது. இருப்பதைக் கண்டறிதல் காட்டும். இருக்க வேண்டியதை மனிதர்தான் எழுத வேண்டும். அப்படி எழுத சிஎஸ்வி போதும். எக்செலில் பத்திகளை உரை வடிவில் வைத்து, சில வரிகளை முதலில் ஏற்றிப் பார்த்து, ஏறிய பின் மென்பொருளின் பதிவையே மூலமாகக் கொள்வதே பாதுகாப்பான நடைமுறை.