ஹெர்குலிஸ் வரைகலை அட்டை

ஹெர்குலிஸ் வரைகலை அட்டை என்பது ஐபிஎம் தனியாள் கணினியின் ஒற்றை நிறத் திரையில் தெளிவான எழுத்துகளோடு படங்களையும் காட்டுவதற்காக 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட விரிவாக்க அட்டை ஆகும். இதை வடிவமைத்தவர் தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல்.

பின்னணி

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தனியாள் கணினி அறிமுகமானபோது, அதன் திரைக்கு இரண்டு வகை அட்டைகள் கிடைத்தன. எம்டிஏ எனப்பட்ட ஒற்றை நிற அட்டை, ஒவ்வோர் எழுத்தையும் 9 புள்ளி அகலமும் 14 புள்ளி உயரமும் கொண்ட கட்டத்தில் கூர்மையாகக் காட்டியது. ஆனால் அதில் 256 வடிவங்களே இருந்தன. அவையும் அழிக்கவோ மாற்றவோ இயலாத சில்லில் பதிக்கப்பட்டிருந்தன. புள்ளி புள்ளியாகப் படம் வரைய வழியில்லை. சிஜிஏ எனப்பட்ட வண்ண அட்டையில் படம் வரையலாம். ஆனால் அதன் எழுத்துக் கட்டம் 8×8 புள்ளிகளே என்பதால் எழுத்துகள் கரடுமுரடாகத் தெரிந்தன.

தேவை

சுவன்னுகுல் தமது முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய்லாந்து எழுத்தில் எழுத விரும்பினார். அவ்வெழுத்து முறையில் உயிர்க்குறிகளும் தொனிக்குறிகளும் மெய்யெழுத்தின் மேலும் கீழும் அடுக்காக அமையும். முதல் அட்டையில் அந்த வடிவங்களே இல்லை. இரண்டாவதில் அவற்றைத் தெளிவாகக் காட்டப் போதிய புள்ளிகள் இல்லை. எனவே அவர் புதிய அட்டை ஒன்றை வடிவமைத்தார்.

செயல்படும் முறை

ஹெர்குலிஸ் அட்டை, ஐபிஎம் ஒற்றை நிறத் திரையையே பயன்படுத்தி 720×348 புள்ளிகளைத் தனித்தனியே இயக்கியது. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் எனக் கணக்கிட்டால் ஒரு திரைக்கு 31,320 பைட்டுகள் தேவை. அட்டையில் 64 கிலோபைட் நினைவகம் இருந்ததால் இரண்டு முழுத் திரைகளைச் சேமிக்க முடிந்தது. திரையின் வரிகள் நினைவகத்தில் நான்கு பகுதிகளாகப் பிரித்து வைக்கப்பட்டன. 350 என்ற எண் நான்கால் வகுபடாது. ஆகவே 348 வரிகள் கொள்ளப்பட்டன.

தாக்கம்

1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 விரிதாள் மென்பொருள் இந்த அட்டைக்கு ஆதரவளித்ததால், கணக்கையும் வரைபடத்தையும் ஒரே திரையில் காண விரும்பிய அலுவலகங்களில் இது பரவியது. பிற நிறுவனங்களும் இதே வடிவமைப்பில் அட்டைகள் தயாரித்தன. 1986இல் வந்த ஹெர்குலிஸ் பிளஸ் அட்டையில் 3,072 எழுத்து வடிவங்கள் வரை பயனரே ஏற்றிக்கொள்ளலாம்.

இந்தியாவிலும் இதே சிக்கல் எழுந்தது. கான்பூர் ஐஐடியில் தொடங்கிய ஆய்வின் தொடர்ச்சியாகப் புனேயின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ஜிஸ்ட் அட்டை, தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளை இவ்வகைக் கணினிகளின் திரையில் காட்டியது. ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் கொண்டு அமைக்கப்பட்ட கணினியில் பிற மொழிகள் இடம்பெற, தொடக்கத்தில் இத்தகைய கூடுதல் அட்டைகளே வழிசெய்தன.