பறங்கிப் புண்ணும் செவிப்புலனும்

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நண்பரொருவர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, பழைய மருந்துப் பெட்டியில் சில கிழங்குத் துண்டுகளைக் கண்டோம். "பறங்கிப்பட்டை" என்றார் நண்பரின் அன்னையார். எதற்கு என வினவினோம். "மேகத்துக்கு" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு உள்ளே சென்றார். அந்தத் தாழ்ந்த குரலுக்கு ஐந்நூறு ஆண்டு வரலாறு உண்டு.

1495இல் நேப்பிள்ஸில் புகுந்த பிரெஞ்சுப் படையினரிடையே சிபிலிஸ் பரவிற்று. பிரெஞ்சுக்காரர் அதனை நேப்பிள்ஸ் நோய் என்றனர். இத்தாலியரோ பிரெஞ்சு நோய் என்றனர். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். அடுத்த நூற்றாண்டிலேயே பாவமிசிரரின் வடமொழி மருத்துவ நூலான பாவப்பிரகாசம் 'பிரங்க ரோகம்' என்று இதனைக் குறித்தது. தமிழ் 'பறங்கிப் புண்' என்றது. நோய்க்கு மட்டுமன்று, சீனத்திலிருந்து வந்த மருந்துக் கிழங்குக்கும் பறங்கியின் பெயரே வாய்த்தது. 1563இல் கோவாவில் அச்சான தம் நூலில் கார்சியா ட ஓர்ட்டா இக்கிழங்கைப் பற்றி எழுதியுள்ளார்.

இந்நோயின் வஞ்சகம் ஒன்றுண்டு. முதற்புண் மருந்தின்றியும் ஆறிவிடும். புகழோ உண்ட மருந்துக்குச் சேரும். கிருமி உடலுள் தங்கி உட்செவியையும் செவி நரம்பையும் தாக்கக்கூடும். காதில் இரைச்சல், தலைசுற்றல், செவி மந்தம் என அது வெளிப்படும். சிலருக்குச் சின்னாட்களில், சிலருக்குப் பல்லாண்டு கழித்து. என்றோ ஆறிய புண்ணையும் இன்று கேளாத செவியையும் யார் இணைத்துப் பார்ப்பர்? தாயிடமிருந்து கருவிலேயே நோயுற்ற குழந்தை பள்ளிப் பருவத்தில் செவிப்புலன் இழப்பதும் உண்டு. பிளவுற்ற முன்பல், விழிப்படல அழற்சி, செவிடு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைவதை 19ஆம் நூற்றாண்டில் இலண்டன் மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் கண்டுணர்த்தினார்.

1906இல் வாசர்மன் குருதிச் சோதனை வந்தது. 1943இல் பெனிசிலின் இந்நோயைத் தீர்ப்பது தெரிந்தது. உட்செவி நரம்பின் கேடுகள் பெரும்பாலும் மீளாதவை. மருந்தால் மீட்க வாய்ப்புள்ள மிகச் சிலவற்றுள் இது ஒன்று. ஆயினும் காலம் தாழ்த்தினால் அவ்வாய்ப்பு குறையும்.

பறங்கி என்று பெயரிட்டுப் பழியை அயலான்மீது ஏற்றினோம். நோயோ நம் இல்லங்களில் தங்கிற்று, நாணத்தால் வாயடைத்தோம். செவி மந்தத்திற்காகச் செல்லும்போது மருத்துவர் இந்நோய்க்கான குருதிச் சோதனையும் வேண்டுமென்றால், அதனை இழுக்கென்று கருதாதிருப்போம். தாழ்ந்த குரலில் சொன்னாலும் சரி, காலத்தே சொல்லிவிடுதல் நன்று.