பிலிப்பைன்சு நாட்டார் மரபில் உருமாறும் ‘அசுவாங்’: தோற்றம் பற்றிய ஒரு மறுபார்வை

முன்னுரை

பகலில் ஊராருள் ஒருத்தியாக வாழ்ந்து, இரவில் நாயாகவோ பன்றியாகவோ பறவையாகவோ உருமாறிக் கருவுற்ற பெண்டிரையும் நோயுற்றோரையும் இரையாக்குவதாக நம்பப்படுவது ‘அசுவாங்’. பிலிப்பைன்சின் விசயாத் தீவுகளில் இந்நம்பிக்கை ஆழ வேரூன்றியுள்ளது. பனாய்த் தீவின் காப்பீசு மாநிலம் ‘அசுவாங்குகளின் ஊர்’ என்னும் பழியை இன்றும் சுமக்கிறது. பழங்குடிப் பூசாரினிகளை இழிவுபடுத்த எசுபானியப் பாதிரிமார் பரப்பிய கதையே இது என்பாரும் உளர். அக்கருத்தின் பொருத்தப்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

1589ஆம் ஆண்டுப் பதிவு

எசுபானியக் குடியேற்றம் 1565இல் தொடங்கியது. 1589இல் பிரான்சிசுகன் துறவியான குவான் தெ பிளாசென்சியா, தகாலர் வழக்கங்களைத் தொகுத்தார். அதில் ‘பேயின் பூசாரிகள்’ என 12 வகையினரைக் குறிப்பிடுகிறார். முதலில் நிற்பது சடங்கு நிகழ்த்தும் ‘கத்தலோனன்’. எட்டாவது, பறந்து சென்று மனிதரைக் கொன்று தின்னும் ‘ஒசுவாங்’. இது விசயர்களிடையே உண்டு, தகாலரிடையே இல்லை என்கிறார். பாதிரிமார் புனைந்து பரப்பியதாயின், அவர் பணியாற்றிய தகாலரிடையேயும் அது காணப்பட்டிருக்க வேண்டும். எனவே நம்பிக்கை அவர்களுக்கு முற்பட்டது எனக் கொள்ளலாம்.

சொல்வழிச் சான்று

மாக்சிமோ ராமோசு 1971இல், குருதி உறிஞ்சி, உள்ளுறுப்பு உறிஞ்சி, உருமாறும் விலங்கு, சூனியக்காரி, பிணந்தின்னி என்னும் ஐந்தும் அசுவாங் என்ற ஒரு பெயரில் கலந்துள்ளதைக் காட்டினார். இவற்றுள் இடுப்புக்கு மேற்பட்ட உடல் பிரிந்து பறக்கும் ‘மனனங்கல்’, மலாய் மரபில் தலையும் குடலும் பிரிந்து செல்லும் ‘பெனங்கலன்’ என்பதோடு ஒப்புநோக்கத்தக்கது. இரண்டிற்கும் ‘கழலுதல்’ எனப் பொருள்படும் ‘தங்கல்’ என்பதே அடி. முன்னொட்டுச் சேர்கையில் இரண்டிலும் தகரம் னகரமாகத் திரிந்துள்ளது. ஒலி, பொருள், கதை ஆகிய மூன்றும் ஒத்துவருவதால் பொது மூலம் புலனாகிறது.

‘அசுரன்’ என்னும் வடசொல்லே அசுவாங் ஆயிற்று எனக் கூறுவர். இதற்கு ஒலியொப்புமையே ஆதாரம். அது மட்டும் போதாது. மேற்கண்ட ‘தங்கல்’ தமிழ்த் ‘தங்கல்’ என்பதோடு ஒலியால் முற்றும் ஒக்கும், பொருளோ நேரெதிர்.

முடிவுரை

அச்சம் தொன்மையானது, அதைப் பாதிரிமார் படைக்கவில்லை. ஆனால் சடங்கு நிகழ்த்துவோரையும் மனிதரைத் தின்பதாக நம்பப்பட்டதையும் ஒரே தலைப்பின்கீழ் நிறுத்தியது பாதிரியாரின் ஏடு. அசுவாங்கின் தோற்றத்தை ஆராய்வோர் நம்பிக்கையின் வரலாற்றையும் அப்பட்டியலின் வரலாற்றையும் பிரித்தறிதல் வேண்டும். இல்லையேல், பழிக்கப்பட்ட பூசாரினிகளை நாமும் அதே வரிசையில் நிறுத்தியவராவோம்.