கால்விரலை அசைத்துக் காட்டு

அக்கா மகனுக்கு 14 வயது. செரிப்ரல் பால்சி என்கிற மூளை முடக்குவாதம் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. நடக்க மாட்டான், பேச மாட்டான். ஆனால் வாசலில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே வந்தது யாரென்று கண்டுபிடித்துச் சிரிப்பான். இரண்டு வருடமாக அவன் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்துகொண்டே போகிறது. கடைசி எக்ஸ்ரேயில் 78 டிகிரி. சக்கர நாற்காலியில் நேராக உட்கார முடிவதில்லை. டாக்டர் ஆபரேஷன் என்றார். "நீதான் கண்டதையும் படிக்கிறவனாச்சே, இதைப் படிச்சுச் சொல்லுடா" என்று அக்கா ஒப்புதல் படிவத்தை என்னிடம் நீட்டினாள். அதில் ஒரு பக்கம் முழுக்க அபாயங்கள்.

அந்த ஒரு பக்கம் எப்படி எழுதப்பட்டது என்று தேடப் போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் வந்து விழுந்தேன்.

1861-இல் லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற மருத்துவர், பிரசவச் சிக்கல்களுக்கும் குழந்தைகளின் கைகால் இறுக்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். நெடுங்காலம் இதற்கு 'லிட்டில் நோய்' என்றே பெயர். ஆனால் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை இந்தக் குழந்தைகளை மனதில் வைத்துத் தொடங்கியது அல்ல. 1911-இல் நியூயார்க்கின் ரஸ்ஸல் ஹிப்ஸ், காசநோய் தாக்கிய முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் முறையை வெளியிட்டார். பிறகு அதையே வளைவுக்கும் பயன்படுத்தினார். எலும்பு ஒட்டும்வரை மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு படுத்திருக்க வேண்டும்.

அடுத்த பெரிய திருப்பம் இளம்பிள்ளை வாதத்தால் வந்தது. ஹூஸ்டனில் போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகளைக் கண்ட பால் ஹாரிங்டன், கொக்கிகள் மாட்டிய ஒரு எஃகுக் கம்பியை உருவாக்கி 1962-இல் அதைப் பற்றி எழுதினார். கம்பி மேலும் கீழுமாக இரண்டு முனைகளில் பிடித்து முதுகை நீட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அப்போதும் மாவுக்கட்டு தேவைப்பட்டது. தசைகள் இறுகி முறுக்கிக்கொள்ளும், உணர்வைச் சொல்லத் தெரியாத ஒரு பிள்ளைக்கு மாதக்கணக்கில் மாவுக்கட்டு என்றால் என்ன நடக்கும்? தோல் புண்ணாகும், மூச்சு திணறும்.

1970-களில் மெக்சிகோ நகரத்தின் எட்வர்டோ லூக்கே அந்த மாவுக்கட்டை ஒழிக்க வழி கண்டார். ஒவ்வொரு முதுகெலும்பின் வளையத்துக்கு அடியிலும் ஒரு கம்பியிழையை நுழைத்து, நீண்ட தண்டோடு சேர்த்துக் கட்டினார். சுமை பல இடங்களுக்குப் பிரிந்துவிடும். 1980-களில் டெக்சாஸின் கால்வெஸ்டனில் ஆலனும் ஃபெர்குசனும் தண்டின் கீழ்முனையை வளைத்து இடுப்பெலும்புக்குள்ளேயே செருகினார்கள். சாய்ந்த இடுப்பும் நேரானது. மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கு இந்த ஆபரேஷன் பரவலானதற்கு இவை முக்கியக் காரணங்கள். ஆனால் லூக்கேயின் இழை, தண்டுவடத்தை ஒட்டியே போக வேண்டியிருந்தது. ஒரு அபாயத்தைக் குறைத்த கை இன்னொன்றைக் கொண்டுவந்தது.

நான் நின்றுபோனது இன்னொரு இடத்தில். 1973-இல் பிரான்சின் பியர் ஸ்டான்யாராவும் சக மருத்துவர்களும் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். ஆபரேஷன் நடுவே மயக்கத்தைக் குறைத்து, நோயாளியை லேசாக எழுப்பி, "கால்விரலை அசை" என்று சொல்வது. அசைந்தால் தண்டுவடம் பத்திரம். எவ்வளவு எளிமை! ஆனால் அக்கா மகனிடம் யார் அப்படிச் சொல்வது? விழித்திருக்கும்போதே அவன் கால்கள் அவன் சொன்னதைக் கேட்பதில்லை. பிறகு வந்த மின்சமிக்ஞைக் கண்காணிப்பும், மூளைப் பாதிப்பு கடுமையாக உள்ள சிலரிடம் தெளிவான சமிக்ஞையைத் தருவதில்லை. பதில் சொல்ல முடிந்த உடல்களுக்காக எழுதப்பட்ட பாதுகாப்பு அது.

மற்ற அபாயங்களுக்கும் காரணம் அந்த உடலின் வாழ்க்கையில்தான் இருக்கிறது. வலிப்புக்கான வால்புரோயேட் போன்ற மாத்திரைகள் ரத்தம் உறைவதைப் பாதிக்கலாம். எனவே ரத்த இழப்பு கூடுகிறது. நடக்காத எலும்பு மெலிந்திருப்பதால் திருகுகள் பிடிப்பதில்லை. விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு ஊட்டம் குறைவு, இருமவும் பலமில்லை. நிமோனியா எளிதில் வரும். இடுப்புவரை நீளும் காயத்துக்கு டயப்பர் பக்கத்திலேயே இருக்கிறது. குடலில் வாழும் கிருமிகள் புண்ணுக்குள் போய்விடும். மூன்றில் ஒருவருக்காவது ஏதோ ஒரு சிக்கல் வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மரணமும் உண்டு, குறைவான எண்ணிக்கையில்.

சரி, செய்யாமல் விட்டால்? வளர்ச்சி நின்றாலும் வளைவு நிற்பதில்லை. 50 டிகிரிக்கு மேல் இருந்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1.4 டிகிரி கூடியது என்று 1988-இல் வந்த ஒரு ஆய்வு கணக்கிட்டது. உட்கார முடியாது, புண் வரும், மூச்சுக்கு இடம் குறையும். இரண்டு பக்கமும் அபாயம்தான். செய்தவர்களையும் செய்யாதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வும் கைவசம் இல்லை.

இந்த வரலாற்றில் மிகத் தாமதமாக வந்தது ஒரு கேள்வித்தாள். வளைவின் டிகிரியை அளக்கும் முறையை ஜான் காப் 1948-இலேயே எழுதிவிட்டார். பிள்ளைக்கு வலி இருக்கிறதா, உடை மாற்றுவது எவ்வளவு சிரமம், அவன் சந்தோஷமாக இருக்கிறானா என்று பராமரிப்பவரிடம் கேட்டு அளக்கும் கேள்வித்தாள் டொரண்டோவில் உருவாகி 2006-இல்தான் வெளியானது. 58 வருட இடைவெளி.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். முடிவு சொல்லவில்லை, அது என் வேலை இல்லை. 2013-இல் அமெரிக்க மருத்துவர்கள் கூடித் தொகுத்த தொற்றுத் தடுப்பு வழிகாட்டுதலில், ஆபரேஷனுக்கு முன்பே ஊட்டத்தையும் சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லியிருந்ததை மட்டும் அழுத்திச் சொன்னேன். அவள் ஒரு தாளை எடுத்து டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுத ஆரம்பித்தாள். எடை போதுமா? வலிப்பு மாத்திரையை மாற்றணுமா? ஐசியூவில் எத்தனை நாள்?

கடைசிக் கேள்வி டாக்டருக்கு இல்லை, நர்ஸுகளுக்கு. அதற்குப் பதிலையும் அவளே எழுதியிருந்தாள்: "வலிச்சா அழமாட்டான். இடது கை கட்டைவிரலை உள்ளே மடக்கிக்குவான். அதைப் பாருங்க."