அடிமுறையைப் படமெடுக்க வந்த பிள்ளைகள்

குழித்துறை, அருமனை, முஞ்சிறைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அடிமுறை என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. விளையில் தென்னை மூட்டில் மண்ணைக் கொத்தி நிரத்தி, விளக்கு வைத்த பிறகு பையன்கள் ஒற்றைச்சுவடு சவிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மலபார்க் களரிக்கு 42 அடி நீளம், 21 அடி அகலத்தில் குழி தோண்டிக் கூரை வேய வேண்டும். இங்கே வெறும் விளை போதும். அங்கே மெய்ப்பயிற்சி, கம்பு, வாள் எல்லாம் கடந்துதான் வெறுங்கைக்கு வருவார்கள். இங்கே முதல் பாடமே வெறுங்கை. அங்கே குருக்கள், இங்கே ஆசான். அங்கே பரசுராமர், இங்கே அகத்தியர்.

இதைப் பற்றிப் பத்து நிமிட ஆவணப்படம் எடுக்கப் போகிறோம் என்று, விஸ்காம் படிக்கும் பிள்ளைகள் நால்வர் என்னிடம் பழைய விவரம் கேட்டு வந்தார்கள். ‘பட்டாஸ்’ (2020) படத்தில் தனுஷைப் பார்த்த பிறகுதான் சொந்த ஊரில் இப்படி ஒன்று இருப்பதே தெரிந்ததாம். விளவங்கோடு தாலுகாவில் பிறந்த பிள்ளைகளுக்குச் சினிமா வந்து சொல்ல வேண்டியிருக்கிறது! போகட்டும். படத்தைப் போதிதர்மரிலிருந்து தொடங்கலாமா என்றார்கள். 1956-லிருந்து தொடங்குங்கள் என்றேன். ஏமாற்றம்தான் அவர்களுக்கு.

ஆனால் கதை அங்கேதான் முடிச்சு விழுந்து கிடக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றது. நம் ஆசான்மாரின் சிஷ்யர்கள் களியக்காவிளைக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள். கோடு நடுவே விழுந்தது. 1958-ல் கேரளக் களரிப்பயட்டுச் சங்கம் உருவானது. அந்தப் பக்கத்தில் நம் அடிமுறைக்குத் ‘தெக்கன் களரி’ என்று பெயர். இந்தப் பக்கம், நாகர்கோவிலைத் தாண்டினால், அதற்குப் பெயரே இல்லை. அங்கே கம்பு சுற்றினால் சிலம்பம். மற்றதெல்லாம் வர்மம் என்று ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

பெயர் சின்ன விஷயமா? 2022 ஜூனில் ஹரியானாவில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் களரிப்பயட்டு பதக்கம் தரும் விளையாட்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் அது நடந்தபோது சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பத்தைச் சேர்த்தார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. அடிமுறை என்ற பெயரில் படித்த பையனுக்குத்தான் எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்: “சார், இது விளையாட்டா, இல்லையா?” நல்ல கேள்வி. சுவடையும் தட்டையும் அடவாகச் செய்துகாட்டி மதிப்பெண் வாங்கலாம். ஆனால் அடிமுறையின் அடி வர்மத்தைத் தேடிப் போகும் அடி. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது ஆசான்மார் கணக்கு. அதற்கு நடுவர் விசில் ஊத முடியாது. அடிக்கத் தெரிந்தவனுக்கு இளக்குமுறையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இங்கே விதி. தென்னையிலிருந்து விழுந்தவனை முதலில் ஆசான் வீட்டுத் திண்ணைக்குத்தானே தூக்கிக்கொண்டு ஓடினோம்? எண்ணெய் மணக்கும் அந்தத் திண்ணையும் களரியும் வேறு வேறல்ல.

ஆசான் இவர்களுக்கு மூன்று நாள் சலிக்காமல் சுவடு காட்டினார். நான்காம் நாள் பேரனை நிறுத்தி ஒரு வர்மத்தின் இடத்தைக் காட்டச் சொன்னார்கள். “அது வேண்டாம் மக்களே, கேமராவை அணைச்சு வை” என்று லென்ஸின் மேல் கையை வைத்துவிட்டார். பிள்ளைகளுக்கு முகம் வாடிப்போயிற்று. அப்போதுதான் ரோமன் சீலரைப் பற்றிச் சொன்னேன். ஜெர்மனியிலிருந்து நம் மாவட்டத்துக்கு வந்து ஆசான்மாரோடு பழகி, 2015-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வழியாக நூல் வெளியிட்டவர். அந்த நூலே பெரும்பாலும் இந்த மறைப்பைப் பற்றியதுதான். தகுதி பார்க்காமல் சொல்லிக்கொடுத்தால் உயிர் போகும் என்பது ஒரு நியாயம். தகுதி பார்த்துப் பார்த்தே சொல்லாமல் போய்ச்சேர்ந்த ஆசான்மாரும் உண்டு. அவர்கள் வீட்டு ஏடுகள் பரணில் செல்லரித்தன. இரண்டையும் படத்தில் வையுங்கள் என்றேன்.

வைத்தார்கள். லென்ஸை மூடும் அந்தக் கையையும் வெட்டவில்லை. படம் பதினோரு நிமிடம் வந்திருக்கிறது. ‘அடிமுறை’ என்று மட்டும்தான் தலைப்பு. களரி, சிலம்பம் என்று அடைமொழி ஏதும் இல்லை.

ஆசானிடம் இப்போது படிக்கிறவர்கள் ஆறு பேர். பேரன் அதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் சிலம்பத்துக்குப் போகிறான், அதற்குச் சான்றிதழ் உண்டு. ஸ்கூட்டரில் கொண்டு விடுவது ஆசான்தான்.