மஞ்ஞானி நடிக்கவில்லையா?

இத்தாலிய நடிகை அன்னா மஞ்ஞானியைப் (1908–1973) பற்றி எழுதுவோர் பலரும் ஒரே பாராட்டில் வந்து நிற்கின்றனர்: அவர் நடிக்கவில்லை, வாழ்ந்தார். கலைந்த தலைமுடியும் கண்ணடிக் கருவளையமும் உரத்த சிரிப்பும் இதற்குச் சான்றாகின்றன. ரோம் நகரத்துத் தெருவே திரையேறியது என்கிறார்கள். பாராட்டுப்போல் தோன்றும் இக்கூற்று அவருடைய தொழிலறிவை மறுக்கிறது. அவர் கலையின் வேரை ‘ரிவிஸ்தா’ மேடையில், அதாவது பாட்டும் நையாண்டியும் துணுக்குக் காட்சிகளும் கலந்த அரங்கில் தேட வேண்டும் என்பதே என் வாதம்.

ரோமில் எலியனோரா டூசே பெயரிலமைந்த நடிப்புப் பள்ளியில் பயின்றவர் அவர். 1934இல் திரைக்கு வந்தபின் பத்தாண்டுக்காலம் பெரும்பாலும் சிறு வேடங்களே கிடைத்தன. இயக்குநர் தெ சீக்காவின் ‘தெரேசா வெனெர்தி’யில் (1941) கவனம் பெற்ற அவரது பாத்திரமே ஒரு மேடைப் பாடகிதான். போர்க்கால ரோமில் நகைச்சுவை நடிகர் தொத்தோவுடன் ரிவிஸ்தாக்களில் நடித்தார். அவையின் சிரிப்பை எங்கே நிறுத்துவது, அடுத்த சொல்லை எப்போது வீசுவது என்பதெல்லாம் அங்கே அன்றாடப் பாடம்.

இயக்குநர் ரொசெல்லினியின் ‘ரோமா, சித்தா அபெர்த்தா’வை (1945) இந்தக் கண்ணோடு பார்க்கலாம். கைதான காதலனை ஏற்றிச்செல்லும் லாரியின் பின்னே ஓடும் பீனா (மஞ்ஞானி) சுடப்பட்டு விழுகிறாள். 1944இல் ஜெர்மானியப் படைவீரன் ஒருவனால் கொல்லப்பட்ட தெரேசா குல்லாச்சேயின் சாவே இதற்கு மூலம் என்பதால், காட்சியை ஆவணமாகவே படிப்பது வழக்கம். ஆனால் அதற்குச் சற்று முன்னர்தான் பாதிரியார் ஒரு கிழவரை வாணலியால் அடித்து மயக்குகிறார். பாதிரியாராக வரும் ஆல்தோ ஃபப்ரீத்சியும் அதே வகை மேடையிலிருந்து வந்தவர். சிரிப்பு அடங்குமுன் சாவு வந்துவிடுகிறது. இந்தத் தாளக்கணக்கு மேடை கற்றுத்தந்தது.

‘லாமோரே’யின் (1948) முதற்பகுதி இன்னும் வலுவான சான்று. பிரெஞ்சு எழுத்தாளர் கொக்தோவின் நாடகம் அது. ஓர் அறை, ஒரு பெண், ஒரு தொலைபேசி. மறுமுனையிலுள்ள காதலனின் குரல் நமக்குக் கேட்பதில்லை. மஞ்ஞானி கேட்கும் விதத்திலிருந்தே அவன் சொல்வதை நாம் ஊகித்துக்கொள்கிறோம். இதைப் பயிற்சியில்லாத இயல்பு என்று எப்படிச் சொல்வது?

எதிர்பாராத சாட்சி இயக்குநர் பசோலினி. தொழில்முறை நடிகரல்லாதவர்களையே விரும்பிய அவர், ‘மம்மா ரோமா’வில் (1962) மஞ்ஞானியை நாயகியாக்கியது குறித்துப் பின்னர் நிறைவின்மையை வெளியிட்டார். மஞ்ஞானி தெருவேதான் என்றால் பசோலினியின் கேமராவுக்கு அங்கே இடறல் ஏது? அவர் எதிர்கொண்டது ஒரு முழுத்தேர்ச்சி பெற்ற நடிகையை. (‘தி ரோஸ் டாட்டூ’வுக்கு (1955) ஆஸ்கர் வென்றவரை என்றும் சேர்க்கலாம், விருது இந்த வாதத்துக்கு அவ்வளவு உதவாது.)

1971இல் இத்தாலியத் தொலைக்காட்சி நிறுவனமான ராய்க்காக ஆல்ஃபிரெதோ ஜன்னெத்தி இயக்கிய ‘த்ரே தோன்னே’ தொடரைப் பலர் பின்னிணைப்பாகவே கருதுகின்றனர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதிலுள்ள படங்களுள் ஒன்றான ‘லா ஷாந்தோசா’வில் மஞ்ஞானி புகழ் மங்கிய மேடைப் பாடகி, முதல் உலகப்போரில் படைவீரர்களுக்குப் பாடச் செல்கிறாள். தேசியக்கொடியைப் போர்த்தி மேடையேறியவள், எதிரே காயம்பட்ட இளைஞர்களைக் காண்கிறாள். தேசபக்தி மிடுக்கு அவள் முகத்திலிருந்து வடிகிறது. ஒரு நேப்பிள்ஸ் காதற்பாட்டை எடுக்கிறாள், முதலில் தணிந்த குரலில், அவையை அளந்தபடி.